இரவில் அடிக்கும் கைப்பேசி: தட்டல் முறையோடு நடந்த ஓர் ஆலோசனையின் நிகழ்வு ஆய்வு

அவர் தம் கைப்பேசியை ஒரு தலையணை உறைக்குள் போட்டு, உறையை இரண்டாக மடித்து, பீரோவில் பழைய புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார். ஈரோட்டில் என் ஆலோசனை அறைக்கு வந்த முதல் நாளும் அந்த உறையோடுதான் வந்தார். மேசைமீது வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். உள்ளே இருந்தது அணைத்து வைக்கப்பட்ட கைப்பேசி என்பது அவருக்கும் தெரியும்.

வயது 43. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். விசைத்தறிக் கூடத்தில் ஆறு தறி பார்க்கிறவர். மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அழைத்து வந்தவர் அண்ணன் மனைவி. அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றி, அவருடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். புள்ளிகளைத் தட்டி மனத்துயரைத் தணிக்கும் முறையைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சு மிகுந்திருக்கிறது. ஆனால் ஒருவருக்கு அதைச் செய்தபோது எது நடந்தது, எது நடக்கவில்லை என்று முழுமையாக எழுதப்பட்ட குறிப்புகள் தமிழில் என் கண்ணில் அரிதாகவே படுகின்றன. அதனால் நான் தவறிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவருடைய கணவர் ரிக் வண்டியில் வேலை செய்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பேர்போன ஊர். அங்கிருந்து கிளம்பும் வண்டிகள் மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வடக்கே போய் மாதக்கணக்கில் தங்கித் துளை போடும். அந்த வீடுகளில் ஆண்மகன் எட்டு மாதம், பத்து மாதம் குரலாகத்தான் இருக்கிறார். நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்குமேல் வரும் அழைப்புதான் குடும்பம். அதற்கென்றே கணவர் இவருடைய கைப்பேசியில் கோயில் மணியோசை ஒன்றை அழைப்பொலியாக வைத்துக் கொடுத்திருந்தார்.

ஒரு மாசி மாத இரவில், இரண்டரை மணிக்கு, அந்த மணி அடித்தது. சத்தீஸ்கரில், வேலை முடிந்து முகாமுக்குத் திரும்பும் வழியில் துணை லாரி கவிழ்ந்து கணவர் இறந்துபோனார் என்ற செய்தியை உடன் வேலை செய்த ஒருவர் சொன்னார். மூன்றாம் நாள் உடல் ஆம்புலன்சில் வந்து சேர்ந்தது. நாள் கடந்துவிட்டதால் முகத்தை அதிக நேரம் காட்டவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாச் சடங்கும் முடிந்தது. அவர் என்னிடம் வந்தது அதற்கு 14 மாதம் கழித்து, அடுத்த ஆண்டின் சித்திரையில்.

இந்த 14 மாதத்தில், மணியோசையோ அதைப் போன்ற எந்த அழைப்பொலியோ கேட்டால் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உள்ளங்கை வியர்த்துப்போவது வழக்கமாகிவிட்டது. மகன் பேச வேண்டுமானால் தறிக்கூட உரிமையாளரின் கைப்பேசிக்கு மாலையில் கூப்பிடுவான். ‘அந்தச் சத்தத்த மாத்திப் போட்டாத் தீந்துது’ என்று வீட்டில் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். அவர் சொன்னார்: “அவரு வெச்சுக் குடுத்ததுங்கக்கா. அத எப்படிங்க எடுக்கறது?”

ஒலியைக் கேட்கவும் முடியவில்லை, அழிக்கவும் மனமில்லை. இந்த ஆலோசனை முழுவதும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தது.

முதலில் மருத்துவர்

படபடப்பு என்று யார் வந்தாலும், அது மனத்தால் வருகிறது என்ற முடிவுக்கு வருவதற்கு முன் உடம்பைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. இவர் என்னிடம் வருவதற்கு முன் புள்ளிகளைத் தொட்டுச் சிகிச்சை தருபவர் ஒருவரிடம் சில அமர்வுகள் போயிருக்கிறார். அந்தச் சிகிச்சையாளர் இரத்தப் பரிசோதனையே தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.6 கிராம். கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனாலே இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மாதவிடாய் முடியும் பருவத்தில் இரண்டு ஆண்டாக மிகுந்த உதிரப்போக்கு இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. இரத்தம் குறைந்த உடம்பில் இதயம் விரைந்து அடிக்கும்; சிறிது பயம் வந்தாலும் அந்தப் படபடப்பு இரண்டு மடங்காகத் தெரியும். இசிஜி சரியாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினார்கள். மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது, தேநீர் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்பதை மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. தறிக்கூடத்தில் ஷிப்டுக்கு நான்கு முறை தேநீர் வந்துவிடுகிறது.

மனநல மருத்துவரும் பார்த்தார். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகள் தெளிவாக இருப்பதாகவும், மிதமான மனச்சோர்வும் இருப்பதாகவும் எழுதினார். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ. 9 வினாப்பட்டியலில் 27க்கு 14. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று மருத்துவரும் நானும் தனித்தனியே நேராகவே கேட்டோம்; இல்லை என்றார். ஆனாலும் மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் உதவி எண் 14416ஐ ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கைப்பேசியையே தொட முடியாதவருக்கு ஓர் எண்ணை எழுதிக் கொடுக்கிறோமே என்பது தாளை நீட்டியபோதுதான் உறைத்தது. அதை அண்ணன் மனைவியின் கைப்பேசியிலும் பதிந்து வைத்தோம்.

இழப்புக்குப் பின் நெடுநாள் நீளும் துக்கத்தை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி. 11 ஆறு மாதத்துக்குப் பிறகும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டுக் கையேடு ஓராண்டுக்குப் பிறகும் தனி நோயாகக் கணக்கிட இடம் தருகின்றன. இவர் விஷயத்தில் அப்படி எழுதவில்லை. இவர் கணவரைப் பற்றிப் பேசினார், சிரித்தார், அழுதார், அவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பை மகன் வரும்போதெல்லாம் கடைந்தார். முடங்கிக் கிடந்தது ஒலியைச் சுற்றியிருந்த வாழ்க்கை மட்டும்தான். ஆகவே நான் எடுத்துக்கொண்ட இலக்கு அச்சம் ஒன்றே. துக்கத்தைத் தட்டிக் கரைக்க நான் முயலவில்லை, முயலவும் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முறை எங்கிருந்து வந்தது

அமெரிக்க உளவியலாளர் ரோஜர் கேலஹன், 1980ஆம் ஆண்டு வாக்கில், தண்ணீரைக் கண்டால் நடுங்கும் ஒரு பெண்ணுக்கு நெடுநாள் சிகிச்சை செய்தும் பலன் தெரியாமல் இருந்தபோது, அவருக்கு வயிற்றில்தான் பயம் தெரிகிறது என்று கேட்டு, கண்ணுக்குக் கீழே தட்டச் சொன்னார். சீன மருத்துவத்தில், உயிராற்றல் ஓடும் வழிகளாகச் சொல்லப்படும் ஓடுதடங்களில் இரைப்பைக்குரியது அங்கேதான் தொடங்குகிறது. பயம் விட்டுப்போயிற்று என்று அந்தப் பெண் சொல்ல, கேலஹன் ஒவ்வொரு தொல்லைக்கும் ஒவ்வொரு வரிசையாகப் புள்ளிகளை வகுத்தார். ஸ்டான்போர்டில் பொறியியல் படித்த கேரி கிரெய்க் அவரிடம் கற்று, 1990களில் வரிசைகளையெல்லாம் விட்டுவிட்டு எல்லாத் தொல்லைக்கும் ஒரே சுற்று போதும் என்று எளிமையாக்கினார். இன்று தட்டல் முறை என்று உலகெங்கும் பழகுவது பெரும்பாலும் கிரெய்க்கின் வடிவம். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கச் சதையைத் தட்டிக்கொண்டே தொல்லையைச் சொல்லித் தொடங்கி, புருவத்தின் உள்முனை, கண்ணோரம், கண்ணுக்குக் கீழ், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, கீழுதட்டுக்கும் தாடைக்கும் நடுவே உள்ள பள்ளம், காறை எலும்பின் உள்முனைக்குக் கீழ், அக்குளுக்குக் கீழே நான்கு விரல், கடைசியில் உச்சந்தலை என்று இரண்டு விரலால் ஏழெட்டு முறை மெல்லத் தட்டிக்கொண்டு போக வேண்டும்.

நம் பக்கத்தில் இது அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. ஆழியாற்றில் நிலைகொண்ட வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை உடற்பயிற்சிகளில் அக்குபிரஷரும் ஒரு பகுதி என்பதால், கொங்கு நாட்டில் ஏதோ ஒரு மன்றத்துக்குப் போய்வந்த ஆள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். இதை வர்மம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அது பிழை. சித்த மருத்துவம் 108 வர்மங்களைச் சொல்கிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அதற்கென்று தனி நூல்மரபும் குருமரபும் இருக்கின்றன. தட்டல் முறையின் புள்ளிகள் சீன ஓடுதடங்களிலிருந்து எடுத்தவை. நம்முடையது என்று சொன்னால் மதிப்புக் கூடும் என்பதற்காகப் பெயரை மாற்றிச் சொல்வது வர்மத்துக்கும் நேர்மையன்று, நோயாளிக்கும் நேர்மையன்று.

ஆறு எவ்வளவு ஆழம்

பூச்சியம் முதல் பத்துவரை ஓர் எண்ணால் துன்பத்தைச் சொல்லச் சொல்வது வழக்கம். 1950களில் அச்சத்தைப் படிப்படியாக அணுகும் சிகிச்சையை வகுத்த ஜோசப் வோல்ப்பின் அளவுகோலிலிருந்து வந்தது அது. “எத்தனைன்னு எப்படிங்க சொல்றது, வெசனத்துக்கு நம்பர் போட்டா அடங்குமாங்க?” என்றார் இவர். நியாயமான கேள்வி. பள்ளிபாளையத்துப் பாலத்தின்மேல் பேருந்தில் வரும்போது காவிரியைப் பார்த்திருப்பீர்களே, அந்தத் தண்ணீரில் இறங்கி நின்றால் இப்போது உங்களுக்கு எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். சிறிதும் யோசிக்காமல், “கழுத்தளவுங்க” என்றார். அன்றிலிருந்து கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து என்பதே எங்கள் அளவு. என் குறிப்பேட்டில் அவற்றுக்கு முறையே 2, 4, 6, 8, 10 என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் அமர்வில் இரண்டு தவறு செய்தேன்.

முதலாவது, வாசகம். ‘இந்தத் தொல்லை எனக்கு இருந்தாலும், என்னை நான் ஆழமாகவும் முழுமையாகவும் ஏற்றுக்கொள்கிறேன்’ என்பது கிரெய்க் வகுத்த வாக்கியத்தின் தமிழாக்கம். பயிற்சி வகுப்புகளில் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். இவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். “அப்படியெல்லாம் நாங்க பேசறதில்லீங்கக்கா. ஏத்துக்கறதுன்னா என்னத்தைங்க ஏத்துக்கறது, அவரு போனதையா?” அந்தக் கேள்வியில் இருந்த வலி எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. இறப்பை ஒத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. தன்னை ஏற்றுக்கொள்ளுதல் என்ற தொடரே நம் பேச்சுத் தமிழில் புழக்கத்தில் இல்லை. அதைச் சொல்லும்போது வாய் ஒன்று சொல்ல, மனம் எங்கோ நிற்கிறது.

இரண்டாவது, அவசரம். இரண்டரை மணி அழைப்பையே நேராக நினைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மூன்று புள்ளி தாண்டுவதற்குள் கை நடுங்கத் தொடங்கி, பார்வை ஓரிடத்தில் குத்திட்டு நின்றது. உடனே நிறுத்தினேன். செருப்பைக் கழற்றிக் காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, குளிர்ந்த நீரைக் கையில் ஊற்றி, அறையில் கண்ணில் படும் பொருள்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தேன். இருபது நிமிடத்தில் தெளிந்தார். ஆனால் அந்த வாரம் முழுவதும் முன்பைவிடத் தூக்கம் கெட்டது. தட்டல் முறையில் பக்கவிளைவே கிடையாது, யாரும் வீட்டிலேயே எதற்கும் செய்துகொள்ளலாம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். விரல் தட்டுவதால் கெடுதலில்லை. தட்டும்போது மனத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதில்தான் கெடுதல் இருக்கிறது.

மூன்றாம் அமர்வில் வாசகத்தை அவரே செய்துகொண்டார். “மணி அடிச்சா நெஞ்சு படபடங்குது. இப்ப நான் வூட்டுலதான் இருக்கறேன்.” அவ்வளவுதான். முதல் பாதி பயத்தை மறைக்காமல் சொல்கிறது, இரண்டாம் பாதி இந்த நொடியில் காலை ஊன்றுகிறது. இதைவிடச் சிறந்த வாக்கியத்தை எனக்கு எழுதத் தெரியாது.

அதே அமர்வில்தான் இன்னொன்றும் தெரிந்தது. அவர் ஓராண்டாக இரவு ஷிப்ட் மட்டுமே பார்க்கிறார். “நானே கேட்டு வாங்கிக்கிட்டனுங்க” என்றார். கூட உரிமையாளர் அதைச் சுறுசுறுப்பு என்று எண்ணியிருக்கிறார்; அண்ணன் மனைவி, பணத்தேவை என்று எண்ணியிருக்கிறார். காரணம் வேறு. இருபது தறி ஓடும் கூடத்துக்குள் எந்தக் கைப்பேசி அடித்தாலும் கேட்காது. இரவு இரண்டரை மணியை அவர் நாள்தோறும் அந்த இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டு கடந்திருக்கிறார். உழைப்பு போலத் தெரிந்த ஒளிதல் இது. பகல் ஷிப்டுக்கு மாறுவதை இலக்கில் சேர்த்தோம்; ஆனால் கடைசியில் வைத்தோம்.

கைப்பேசியோடு நெருங்கியது

நான்காம் அமர்விலிருந்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உறைக்குள் இருக்கும் கைப்பேசி மேசைமேல், பிறகு உறையிலிருந்து வெளியே, பிறகு அணைத்த நிலையில் கையில், பிறகு இயங்கும் நிலையில் ஒலியின்றி அதிர்ந்தபடி, பிறகு குறைந்த ஒலியில் மணியோசை என்று ஒவ்வொரு படியிலும் தட்டலை இரண்டு மூன்று சுற்று செய்தோம். ஆழம் முழங்காலுக்கு இறங்காமல் அடுத்த படிக்குப் போவதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். அதிர்வுப் படியில் ஒரு முழு அமர்வும் நின்றுவிட்டது. மார்பளவிலிருந்து இறங்கவே இல்லை. அன்று அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

அதற்கு அடுத்த அமர்வில், வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். முகத்துப் புள்ளிகளையெல்லாம் விரைவாகத் தொட்டுவிட்டு, காறை எலும்புப் புள்ளிக்கு வந்ததும் கை கீழே இறங்கிற்று. நெஞ்சின் நடுவில், மார்பெலும்பின்மேல், நான்கு விரலையும் சேர்த்துத் தட்டத் தொடங்கினார். அங்கேயே நெடுநேரம் தட்டினார். கிரெய்க்கின் சுற்றில் அந்த இடம் தட்டும் புள்ளியாக இல்லை. அது தாலி கிடந்த இடம். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். அவர் முகம் அப்போதுதான் முதல்முறையாகத் தளர்ந்திருந்தது. தாலியைக் கழற்றிய பிறகும் இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கத்தில் கை அங்கே போகிறது என்றும், போன கை வெறுமனே திரும்பி வருவது தாளவில்லை என்றும், இப்போது தட்டுவதற்காகவேனும் அங்கே ஒரு வேலை இருக்கிறது என்றும் சொன்னார்.

நம் பெண்கள் சாவு வீட்டில் மாரடித்து அழுகிறார்கள். மூன்றாம் நாள் வந்த உடலை ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்ட வீட்டில், “நான் அன்னைக்கு அழுவவே இல்லீங்கக்கா, எல்லாரும் வேகவேகமா நடத்திப் போட்டாங்க” என்று இவர் முதல் அமர்வில் சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மாரடித்தலும் இந்தத் தட்டலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அழும் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுக்கிறோம், தொட்டிலில் தட்டித் தூங்கவைக்கிறோம், இழவில் நெஞ்சில் அடித்துக்கொள்கிறோம். உடம்பைத் தட்டுவது நமக்குப் புதிய மொழியன்று என்று மட்டும் சொல்கிறேன்.

அன்றிலிருந்து அவருடைய சுற்று நெஞ்சு நடுவில்தான் முடிந்தது. பலனில் ஒரு குறையும் தெரியவில்லை. அடுத்த அமர்வில் முழு ஒலியில் மணியடித்தபோது இடுப்பளவில் தொடங்கி, இரண்டு சுற்றில் முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டது.

புள்ளியா, தட்டலா, வேறெதுவா

இந்த இடம்தான் என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் மையம். கேலஹனுக்கு வரிசை முக்கியம். கிரெய்க் வரிசையை விட்டார், பலன் குறையவில்லை என்றார். வெயிட், ஹோல்டர் என்ற இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அச்சமுள்ள 119 மாணவர்களை நான்கு குழுவாக்கினார்கள். ஒரு குழு முறையான புள்ளிகளில் தட்டியது, இன்னொன்று கையில் புள்ளியல்லாத இடங்களில் தட்டியது, மற்றொன்று ஒரு பொம்மையைத் தட்டியது, நான்காவது குழு தட்டவே இல்லை. முதல் மூன்று குழுக்களிலும் அச்சம் குறைந்தது, நான்காவதில் குறையவில்லை. பொம்மையைத் தட்டினாலும் குறைகிறதென்றால் குறைத்தது ஓடுதடமாக இருக்க முடியாது என்பதே நேரான முடிவு. சீன ஓடுதடம் என்ற ஒன்று உடம்பில் இருப்பதாக உடற்கூற்றியல் எதையும் கண்டதில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. கிளாண்ட் என்ற ஆய்வாளர் 2016இல் 14 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 658 பேரையும் ஒருங்கே எடுத்துக் கணக்கிட்டு, பதற்றம் குறைவதில் தட்டல் முறைக்குக் குறிப்பிடத்தக்க பலன் இருப்பதாக எழுதினார். டாசன் சர்ச்சும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் 83 பேரிடம் செய்த ஆய்வில், தட்டல் செய்தவர்களின் உமிழ்நீரில் மன அழுத்த இயக்குநீரான கார்டிசால் 24 விழுக்காடு குறைந்ததாகக் காட்டினார்கள். சர்ச் இந்த முறையைக் கற்பித்துப் பரப்புபவர். அந்தக் கண்ணோடும் அதைப் படிக்க வேண்டும். பலன் இருக்கிறது, ஆனால் புள்ளிக்கு அதில் பங்கிருப்பதாகத் தெரியவில்லை என்று இரண்டையும் சேர்த்தே நான் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் இவருக்கு எது உதவிற்று? தாங்கக்கூடிய அளவில் அச்சத்தின் பக்கத்தில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தது முதற்காரணம் என்று நம்புகிறேன். அது வோல்ப் காலத்திலிருந்து தெரிந்த வழி. ஆனால் வெறுமனே ‘உட்காருங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்றால் இவர் உட்கார்ந்திருக்க மாட்டார். கைக்கு ஒரு வேலை, வாய்க்கு ஒரு வாக்கியம், அடுத்து எந்த இடம் என்று நினைவுக்கு ஒரு சிறு சுமை ஆகியவை இருந்ததால் அச்சக் காட்சி மனத்தை முழுதும் நிறைக்க முடியவில்லை. கண்ணசைவைக் கொண்டு அதிர்ச்சி நினைவுகளை அணுகும் முறையை 1987இல் தொடங்கிய பிரான்சின் ஷபீரோவின் வழியிலும் இதே விளக்கத்தைப் பலர் சொல்கிறார்கள். இவையனைத்துக்கும் மேல் இரும்புச்சத்து மாத்திரை இருக்கிறது. எட்டாம் அமர்வின்போது ஹீமோகுளோபின் 10.9 ஆகியிருந்தது. படபடப்பு குறைந்ததில் அதன் பங்கு எவ்வளவு, தட்டலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரே ஒருவரின் நிகழ்வில் வழியில்லை. இரண்டையும் ஒன்றாகத் தொடங்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெளிவு கிடைத்திருக்கும். அவருக்குத் துன்பம் நீண்டிருக்கும்.

தட்டலால் ஆகாதது

ஏழாம் அமர்வில், பகலில் மணியோசை முழங்காலளவுக்கு வந்துவிட்ட பிறகும், இரவு அழைப்பு என்று நினைத்ததும் மார்பளவுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. எத்தனை சுற்றுத் தட்டியும் இறங்கவில்லை. தட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த இரவில் இன்னும் சொல்லாதது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

“மணி ரெண்டு தடவ அடிச்சுதுங்க. மொத தடவ எடுக்கலீங்க. தூக்கத்துல, காலைல பேசிக்கலாம்னு உட்டுட்டேன். அவருதான் கடைசியாக் கூப்பிட்டிருப்பாரோன்னு...”

அச்சம் என்று நாங்கள் பெயரிட்டுத் தட்டிக்கொண்டிருந்ததற்கு அடியில் இருந்தது குற்ற உணர்வு. அதற்குத் தட்டல் மருந்தில்லை. உண்மை தேவைப்பட்டது. விபத்து இழப்பீட்டு வழக்குக்காகச் சத்தீஸ்கரிலிருந்து வந்த முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இந்தியில் இருந்ததால் வீட்டில் யாரும் படித்ததில்லை. வழக்கறிஞரிடம் மொழிபெயர்ப்பு இருந்தது. மகன் விடுமுறையில் வந்தபோது அதை வாங்கி, எட்டாம் அமர்வில், என் முன்னால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். விபத்து நடந்தது இரவு 11.40. சம்பவ இடத்திலேயே இறப்பு. இரண்டரை மணிக்கு அடித்த இரண்டு அழைப்பும் உடன் வேலை செய்தவரின் எண்ணிலிருந்து வந்தவை என்பதை மகன் பழைய அழைப்புப் பட்டியலைத் திறந்து காட்டினான். அதைப் பார்க்கக் கைப்பேசியை அவரே உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அன்று அவர் அழுதது அழுகை. கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. மகன் அம்மாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் எதையும் சொல்லித் தரவில்லை, எண்ணவும் இல்லை.

எட்டு அமர்வும் பன்னிரண்டு வாரத்தில் முடிந்தன. வினாப்பட்டியலில் 14 என்றிருந்தது 7 ஆயிற்று. ஆடியில் பகல் ஷிப்டுக்கு மாறினார். மகனும் தாயும் பேசிவைத்துக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு ஓர் அழைப்பு, ஒரு வாரம் கழித்துப் பத்து மணிக்கு என்று பழகினார்கள். ஒரு நாள் பேசிவைக்காமல் மகன் பதினோரு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறான். அது என் யோசனை அன்று, அவனுடையது. இடுப்பளவு வந்தது என்றார். இரவுப் பேருந்தில் போக இன்னும் மறுக்கிறார். மாசியில் திதி வருவதை நினைத்தால் தூக்கம் கெடுகிறது. மனநல மருத்துவரின் மறுபரிசோதனை தொடர்கிறது. அழைப்பொலியை மாற்றவில்லை.

ஐப்பசியில் பின்தொடர்தலுக்கு வந்தபோது கைப்பேசி வெறுங்கையில் இருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடித்ததாம். அண்ணன் மகளுக்குப் பேறுகாலம் என்று தெரிந்தும், ஒலி கேட்டதும் கழுத்தளவு வந்துவிட்டது, எடுக்க முடியவில்லை. அடித்து ஓயும்வரை விட்டுவிட்டார். எழுந்து உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்துத் தட்டிக்கொண்டே தம் வாக்கியத்தை நாலைந்து முறை சொல்லியிருக்கிறார். முழங்காலுக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். கைப்பேசியைத் திறந்து, தவறிய அழைப்பின் நேரத்தையும் தாம் கூப்பிட்ட நேரத்தையும் காட்டினார். நான்கு நிமிடம்.

“மொத தடவ எடுக்கலீங்கக்கா. பொறவு நானே கூப்புட்டனுங்க. பொம்பளப் புள்ளைங்க, ரெண்டே முக்காக் கிலோ.”